பழுவூர்க் கிழவரின் வழக்கு

பெரிய பழுவேட்டரையர் என்று சொன்னால் போதும், நம்மவர்களுக்கு ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. அறுபது பிராயத்தைக் கடந்த கிழவர். அழகி ஒருத்தியின் மோகத்தில் விழுந்தவர். அதனால் சோழ ராஜ்யத்துக்கே ஆபத்தைத் தேடி வைத்தவர். 'பொன்னியின் செல்வன்' படித்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அவரைப் பற்றி இதற்கு மேல் அபிப்பிராயம் கிடையாது. இலக்கியக் கூட்டங்களில் பேச்சாளர் சற்றுத் தளர்ந்துவிட்டால், கிழவரையும் இளைய ராணியையும் பற்றி ஒரு வார்த்தை போடுகிறார், சபை கலகலக்கிறது. 2022-லும் 2023-லும் மணிரத்னம் இந்த நாவலை இரண்டு பாகங்களாகப் படமெடுத்து வெளியிட்ட பிறகு, நாவலைத் தொட்டே பாராத இளைஞர்களும் இந்தச் சிரிப்பைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் போனால் வேறு ஒரு கட்சி இருக்கிறது. "எங்கள் சிற்றரசரைக் கல்கி இப்படிக் கேவலப்படுத்தலாமா? கல்வெட்டில் அவர்கள் சோழனுக்காக ரத்தம் சிந்தியவர்கள் ஐயா!" என்று கேட்கிறவர்களைக் கீழப்பழுவூரில் நான் சந்தித்திருக்கிறேன். கேள்வியில் கோபமும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

சிரிக்கிறவர்கள் கட்சியும் தப்பு, வருந்துகிறவர்கள் கட்சியும் தப்பு என்பது என் வாதம். இரண்டு தரப்பாருமே நந்தினியைத் தாண்டி அவரைப் பார்க்கவில்லை. அந்த நாவலில் தகப்பன் ஸ்தானத்தில் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் தகப்பன் என்ற பதவியின் முழுப் பாவத்தையும் செய்து, அதற்குரிய முழு விலையையும் கொடுத்தவர் இந்தக் கிழவர் ஒருவர்தான். இதை நிரூபிக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அரியலூரிலிருந்து தெற்கே தஞ்சாவூர் மார்க்கமாக வந்தால், திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் சாலை குறுக்கிடும் இடத்தில் இருக்கிறது கீழப்பழுவூர். இன்று அந்தச் சாலைகளில் சிமெண்டு லாரிகள் ஓயாமல் புழுதி கிளப்புகின்றன. ஆலந்துறையார் கோயில் இருப்பது இங்கே. திருஞானசம்பந்தர் பாடிய தலம். சற்று மேற்கே மேலப்பழுவூர். அதையொட்டிக் கீழையூர் இரட்டைக் கோயில். பழைய பழுவூர் என்பது இவை எல்லாம் சேர்ந்ததுதான். இந்தக் கோயில் சுவர்களில் பழுவேட்டரையர்களின் பெயர்கள் முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் ஆரம்பித்து ராஜேந்திர சோழன் காலத்தின் தொடக்கம் வரையில் வருகின்றன. குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதனார், மறவன் கண்டன், கண்டன் மறவன் என்று தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் பாண்டியனும் ஈழத்து அரசனும் சேர்ந்து எதிர்த்த வெள்ளூர்ப் போரில், சோழன் பக்கம் நின்று போரிட்டவர் கண்டன் அமுதனார்.

உறவு போர்க்களத்தோடு நின்றுவிடவில்லை. சுந்தர சோழர் தம் மந்திரி அநிருத்தருக்கு நிலம் கொடுத்த அன்பில் செப்பேடு, பராந்தகன் மணந்துகொண்ட பழுவேட்டரையர் மகளின் வயிற்றில் பிறந்தவன் அரிஞ்சயன் என்று சொல்லுகிறது. அரிஞ்சயனின் மகன்தான் சுந்தர சோழர். அப்படியானால் சக்கரவர்த்தியின் பாட்டி பிறந்த வீடு பழுவூர்! ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பிறகு, குற்றவாளிகளின் சொத்தைப் பறிமுதல் செய்த விஷயத்தைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டிலும் பழுவேட்டரையர் பெயர் கிடையாது. 985-இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன் காலத்திலும் பழுவூரில் கண்டன் மறவன் கௌரவமாகவே இருந்திருக்கிறார். துரோகி வம்சத்துக்கு அந்த மரியாதை கிடைத்திருக்குமா?

ஆகையால் சரித்திரத்தில் பழுவூர் மீது களங்கம் இல்லை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கல்கி எழுதியது கல்வெட்டின் படி அல்லவே! 1950 முதல் 1954 வரை வாரம்தோறும் ஜனங்கள் காத்திருந்து படித்த நாவல் அது. விசுவாசத்தில் குறையே இல்லாத குடும்பத்தில் பிறந்த ஒருவர், அந்த விசுவாசத்தாலேயே எப்படித் தவறு செய்ய முடியும் என்று யோசிக்க நாவலாசிரியனுக்கு உரிமை உண்டு. கல்கி அந்த உரிமையைத்தான் எடுத்துக்கொண்டார். அவரும் கிழவரைத் துரோகியாக்கவில்லை. நாவலின் எந்தப் பக்கத்திலாவது பெரிய பழுவேட்டரையர் சோழ குலம் அழிய வேண்டும் என்று நினைக்கிறாரா? ஒரு கணம்கூட இல்லை. குலம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார். அது எப்படி நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தாம்தான் தீர்மானிக்க வேண்டும் என்றும் நினைக்கிறார். சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இனி, சிரிக்கிறவர்களிடம் வருகிறேன்.

இருபத்து நான்கு போர்க்களம், அறுபத்து நான்கு விழுப்புண் என்று நாவலில் கிழவரின் கணக்கு. சோழ சாம்ராஜ்யத்தின் தனாதிகாரி. வரி விதிப்பவர், பொக்கிஷத்தின் சாவியை வைத்திருப்பவர். தம்பி சின்னப் பழுவேட்டரையர் தஞ்சைக் கோட்டையின் தளபதி. சக்கரவர்த்தியோ கால் வழங்காமல் கட்டிலில் கிடக்கிறார். அரண்மனையைச் சுற்றிலும் பழுவூர்க் காவல். வியாதிக்கார எஜமானரையும் அவருடைய பிள்ளைகளையும் சொத்தையும் காவந்து பண்ணும் குடும்பப் பெரியவர் நம் வீடுகளில் இருப்பாரே, அந்த ஸ்தானம் அவருக்கு. அவருக்கென்று மக்கள் யாரையும் கல்கி நமக்குக் காட்டவில்லை. அவர் வளர்த்த பிள்ளை சோழ ராஜ்யந்தான்.

இந்தத் தகப்பனாரின் மனசு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், கடம்பூர் சம்புவரையர் மாளிகையில் நடக்கும் நடுநிசிக் கூட்டத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிறானே, அந்த இடம். அங்கே கிழவரின் மனத்தாங்கல் என்ன? எங்களைக் கலந்துகொள்ளாமல் ஆதித்த கரிகாலனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிட்டார்கள். ராஜ்யத்துக்காகப் புண்பட்ட கிழவர்களை ஒதுக்கிவிட்டு அந்தப்புரத்துப் பெண்களிடம் யோசனை கேட்கிறார்கள் என்பதுதான். மதுராந்தகனுக்குப் பட்டத்தில் உரிமை உண்டு என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் கண்டராதித்தரின் மகன். ஆனால் அந்த நியாயம் கிழவருக்கு இரண்டாம் பட்சம். 'எங்களைக் கேட்கவில்லையே' என்பதுதான் முதல் பட்சம்.

பெண் பேச்சைக் கேட்கிறார்கள் என்று அரசரைக் குறை சொல்லும் இந்த மனிதரின் வீட்டில் நடப்பது என்ன? பழுவூரின் பனை இலச்சினை மோதிரம் நந்தினியின் கையிலிருந்து முன்பின் தெரியாத வந்தியத்தேவனிடம் போகிறது. சோழ நாட்டுப் பொக்கிஷத்துப் பொன், சோழ குலத்தைக் கருவறுக்கக் கிளம்பிய ரவிதாஸன் கூட்டத்துக்குப் போய்ச் சேருகிறது. காவல்காரர் காவல்தான் இருக்கிறார். களவும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைப் பார்த்து, "பார்த்தீர்களா, மோகம் படுத்தும் பாடு!" என்று சிரிப்பது சுலபம். ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். தம்பி எச்சரிக்கிறார். ஒரு தடவையா, இரண்டு தடவையா? மந்திரவாதி வந்து போவதைச் சொல்லுகிறார், இளைய ராணியின் போக்கில் சந்தேகம் இருக்கிறதென்று சொல்லுகிறார். அண்ணன் என்ன செய்கிறார்? சீறுகிறார். சொல்லப்பட்ட சங்கதி மெய்யா பொய்யா என்று விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை. தம்பி தமக்குச் சொல்லலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு பெண்ணின் அழகு அவருடைய கண்ணை மறைத்தது வாஸ்தவம். காதை அடைத்தது எது? அறுபத்து நான்கு புண்கள்!

புண்பட்டவன் தவறு செய்யமாட்டான் என்று அவர் நம்பினார். உழைத்தவன் சொல்லை உழைக்காதவன் கேட்டே தீரவேண்டும் என்று நம்பினார். அவருடைய குற்றம் இதுதான். நந்தினி இந்தப் பூட்டுக்கு வாய்த்த சாவி, அவ்வளவே. அவள் வராமல் போயிருந்தால் வேறு யாராவது வந்திருப்பார்கள்.

இது ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வியாதி என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். என் தகப்பனார் நான் சிறுவனாக இருந்தபோதே காலமாகிவிட்டார். எங்களை வளர்த்தவர் பெரியப்பா. நல்ல மனிதர், தம் வேட்டி கிழிந்திருந்தாலும் எங்களுக்குத் தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கத் தவறமாட்டார். ஒரு சமயம், சிநேகிதர் ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடத் தீர்மானித்தார். என் தாயார் கதவுக்குப் பின்னால் நின்று, "அந்த ஆளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்லுகிறார்களே" என்று மட்டும் சொன்னாள். "உங்களையெல்லாம் ஆளாக்கியவன் நான். எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியப்பா. கையெழுத்துப் போட்டார். ஆற்றோரம் இருந்த நஞ்சை கையைவிட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் அந்த வயல் வழியாக நடப்பதை விட்டுவிட்டார். கடைத்தெருவுக்குப் போவதானாலும் மேட்டுப்பாதையைச் சுற்றிக்கொண்டு போவார். அரை மைல் அதிகம். அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் "நான் தவறிவிட்டேன், அம்மா" என்ற ஒரு வார்த்தை, சாகிறவரையில் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் நிலம் திரும்பியிராது, வீடு திரும்பியிருக்கும். என் தாயார் அவருக்குச் சோறு போட்டாள், பணிவிடை செய்தாள். பேச்சு மட்டும் நின்று போயிற்று.

இந்த வார்த்தை நம் நாட்டுத் தகப்பன்மார்களுக்கு ஏன் வருவதில்லை? நம் பழைய கதைகளே அதைக் கற்றுத் தரவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பீஷ்மரை எடுத்துக்கொள்ளுங்கள். குருகுலத்துக்கே பிதாமகர். சபையில் திரௌபதி நியாயம் கேட்டபோது, தர்மத்தின் போக்கு நுட்பமானது என்று சொல்லி நழுவினார். பிறகு அம்புப் படுக்கையில் கிடந்துகொண்டு தர்மத்தை விஸ்தாரமாக உபதேசித்தார். மனுநீதிச் சோழனை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றின் மீது தேரை ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்டான் என்று கொண்டாடுகிறோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். அவன் நீதிமான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே தண்டனை பெற்றது மகன்.

கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலின் தலபுராணமே இந்த விஷயத்தில் ஒரு பாடம். பிதா ஜமதக்கினி கட்டளையிட்டார் என்பதற்காகப் பெற்ற தாயை வெட்டினார் பரசுராமர். அந்தப் பாவம் தீர இங்கே வந்து தவம் செய்தார் என்பது ஐதிகம். அவர் சயனித்திருக்கும் சிற்பத்தைக் கோயில் வாயிலில் இன்றும் காட்டுகிறார்கள். நான் அதைப் பார்த்தபோது கேட்கத் தோன்றிய கேள்வி ஒன்றுதான். கோடாலி மகனுடையது, சரி, வாக்கு யாருடையது? கட்டளை இட்டவர் எந்தத் தலத்துக்குப் போய் எந்தத் தூணடியில் படுத்தார்? புராணத்தில் அதற்கு இடமில்லை. பாவத்தைச் சுமக்க மகன் இருக்கும்போது தகப்பன் எதற்குச் சுமக்க வேண்டும்?

இந்த வரிசையில் கல்கியின் கிழவரை நிறுத்திப் பாருங்கள். கொள்ளிட வெள்ளத்தில் அகப்பட்டுத் தப்பி, திருப்புறம்பயம் பள்ளிப்படையருகே சதிகாரர்களின் பேச்சைத் தம் காதாலேயே கேட்கிறார். தம்பி சொல்லிக் கேளாத காதுக்கு அன்று சத்துருவே வந்து சொல்ல வேண்டியிருந்தது! அந்த நிமிஷத்தில் அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஊரைச் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாதையில் போகலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அல்லது நேரே போகலாம். அவர் நேரே போனார். கடம்பூரில் கரிகாலனைக் காப்பாற்றப் போய், காப்பாற்ற முடியாமற் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பழி வந்தியத்தேவன் மேல் விழுந்துவிட்டது. அவன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். கிழவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன் கழுவேறியிருப்பான்; பழுவூரின் மானமும் பிழைத்திருக்கும். அவன் யார்? ராஜ்யமில்லாத வாணர் குலத்துப் பையன், திருட்டுத்தனமாய்க் கோட்டைக்குள் புகுந்தவன், கிழவரைப் பல தடவை முட்டாளாக்கியவன். அப்படிப்பட்ட பையனுக்காக, சக்கரவர்த்தியும் சிற்றரசர்களும் கூடிய சபையில், கரிகாலன் உயிர் போன பழியைத் தம் தலைமேல் எடுத்துக்கொள்ளுகிறார் பெரிய பழுவேட்டரையர். நந்தினி மயக்கினாள் என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. தம்பி ஏன் இன்னும் பலமாகச் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்கவில்லை. புண்களின் கணக்கை எடுத்துப் படித்துக் கருணை கோரவில்லை.

அவர் பிறகு தம் மீதே வாளைத் திருப்பிக்கொண்டதை நான் போற்றவில்லை. அது அந்தக் காலத்து வீரர்களின் வழக்கம், நமக்கு வேண்டாம். வாய் திறந்தாரே, அதைப் போற்றுகிறேன். பிழையென்று தெரிந்த கணத்திலேயே தானே குற்றவாளி என்று அறிவித்து அரியணையிலிருந்து வீழ்ந்தானே சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன், அவன் மரபில் வந்தவர் இந்தக் கிழவர். சோழ நாட்டுக் கதையில் பாண்டியனுடைய நீதி பழுவூர்க்காரர் வழியாகத் திரும்பி வருகிறது. கல்கி இதை நினைத்துச் செய்தாரோ, நினையாமலே செய்தாரோ, எனக்குக் கவலையில்லை. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர் வைத்தார். கைக்கு எட்டிய பட்டத்தை மதுராந்தகனுக்கு விட்டுக்கொடுத்த அருள்மொழிவர்மனை வைத்துத்தான் எல்லோரும் அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லுகிறோம். கிரீடத்தைத் தியாகம் செய்வது பெரிய காரியந்தான். கௌரவத்தைத் தியாகம் செய்வது அதைவிடப் பெரிய காரியம் என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

மற்றத் தகப்பன்மார்களைப் பாருங்கள். சுந்தர சோழர் அன்பான தகப்பனார். ஆனால் பழைய நினைவுகளின் பயத்தில் பாதி நாவலைக் கட்டிலிலேயே கழிக்கிறார். மூத்த மகன் காஞ்சியில் பொன்மாளிகை கட்டி வைத்து அழைக்கிறான். தகப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசாமலே கதை முடிந்துவிடுகிறது. திருக்கோவலூர் மலையமான் பேரனை எச்சரிக்கிறார்; பலன் இல்லை. கொடும்பாளூர்ப் பெரிய வேளாருக்குத் தாம் வளர்க்கும் வானதி ராணியாக வேண்டும் என்ற ஆசை. இவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆனால் ஒருவராவது, "இந்தக் குழந்தைகளுக்கு நேர்ந்ததற்கு நான் காரணம்" என்று சபையில் எழுந்து சொன்னாரா?

"அப்படியானால் கிழவரை மன்னித்துவிடலாம் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. மன்னிப்பதற்கு நான் யார்? இப்போது புதிதாக ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. அவர் பாசக்காரர், ஏமாந்தவர், பாவம் என்று உருகுகிறார்கள். சிரிக்கிறவர்களைக் காட்டிலும் இந்த உருகுகிறவர்களிடம் எனக்குப் பயம் அதிகம். பாசம் என்ற சொல்லைப் போர்த்தி, காது கேளாத தகப்பன்மார்கள் எத்தனை பேரை நாம் காப்பாற்றிவிட்டோம்! பெண்ணின் படிப்பை நிறுத்தியவர், பையனின் கல்யாணத்தைக் கெடுத்தவர், சபைகளிலும் சங்கங்களிலும் நாற்காலியை விடாதவர் எல்லோரையும், "அவர் எவ்வளவு உழைத்தவர் தெரியுமா!" என்ற ஒரே வாக்கியத்தில் கரையேற்றிவிடுகிறோம். பெரிய பழுவேட்டரையர் அந்தக் கரையேற்றத்தை வேண்டாம் என்றவர். அவர் தமக்கு விதித்த தீர்ப்பை ரத்து செய்ய நமக்கு அதிகாரம் இல்லை.

ஆகவே பழுவூர் நண்பர்களுக்கு என் விண்ணப்பம்: உங்கள் கிழவருக்காக வருத்தப்படாதீர்கள். கண்டன் அமுதனாரின் வெள்ளூர் வீரம் கல்லில் இருக்கிறது. அது அங்கே பத்திரமாக இருக்கும். கதையில் இருக்கும் இவருடைய வீரம் வேறு வகை, அதற்கும் பெருமைப்படலாம். சிரிக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த தடவை ஐந்தாம் பாகத்தை எடுக்கும்போது, கிழவர் சபையில் எழுந்து நிற்கும் இடத்தை உங்கள் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் கேட்க உரக்கப் படியுங்கள். சாய்வு நாற்காலியில் இருக்கும் பெரியவருக்கும் கேட்கட்டும். படிக்கிற நீங்களும் ஒரு நாள் அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்தான்.